இசட் டிரைவ், முக்கூடல்

சனிக்கிழமை ஏழேமுக்காலுக்கு போன்.
'இசட்டு மறுபடியும் செத்துப்போச்சு வே'
என்றார் மேனேஜர் மைதீன் பிச்சை.
சாகவில்லையென்று எனக்குத் தெரியும்.
பின்னறையில், இலை மூட்டைகளுக்கு நடுவில்,
உடம்பெல்லாம் புகையிலைத் தூள் அப்பி
உர்ரென்று ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பேட்டை தாண்டிய பின்தான் உட்கார இடம்.
மடியில் பை. பைக்குள்
கேபிள் கவ்வும் குறடு, ஒரு பழைய சுவிட்ச்,
நசுங்கிய இட்லிப் பொட்டலம்.

மூன்று கம்ப்யூட்டர்.
மூன்றிலும் இசட்டின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி.
ஆவுடைத்தங்கம் மவுஸை இரண்டு தட்டுத் தட்டினாள்.
திறந்துகொண்டது.

'பாத்தியளா? நான் தட்டுனா தொறக்கு.
பட்டுவாடா புரோகிராமுக்குத் தட்டத் தெரியல.
ஒருவாட்டி எட்டிப் பாக்கு,
இல்லன்னதும் சைபர்னு அடிச்சித் தள்ளுது.'

சுற்றிய பீடிக் கணக்கு இந்த மேசையில் இருக்கிறது.
ஆயிரத்துக்கு எவ்வளவு கூலி என்பது மட்டும்
இசட்டில்.

அச்சடித்த தாள் கிடந்தது:
செண்பகக்கனி, ஆறாயிரம், கழிவு இல்லை, ரூபாய் 0.
ரஹ்மத் பாத்து, நாலாயிரத்து ஐந்நூறு, ரூபாய் 0.
இசக்கித்தாய், கழிவு இருநூறு,
அவளுக்கும் 0.
ஜன்னலுக்கு வெளியே பாஸ்புக்கும் கையுமாக
மூன்று பேருமே நின்றிருந்தார்கள்.

கேபிளை உருவிச் செருகினேன்.
பேர் சொல்லிக் கூப்பிட்டேன், வந்தது.
எண் சொல்லிக் கூப்பிட்டேன், அதற்கும் வந்தது.
சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறந்தால்
மூன்றிலும் ஜெபராணி.

'அவ கல்யாணமாயி நாசரேத்துக்குப் போயி
நாலு வருசமாச்சே!'

போனவள் பேரைச் சொல்லித்தான்
தினமும் காலையில் இந்த ஆபீஸ்
பின்னறைக் கதவைத் தட்டுகிறது.
கதவும் ஆளைப் பார்ப்பதில்லை, திறந்துவிடுகிறது.
கோளாறு அதிலும் இல்லை.

பதினொன்றேகாலுக்குக் கரண்டு போய்
ஆறு நிமிஷத்தில் வந்தது.
அந்த ஆறு நிமிஷமும் சும்மா நின்றதால்தான்
கண்ணில் பட்டது.
பன்னிரண்டே நொடியில் கம்ப்யூட்டர்
குளித்து முடித்த மாதிரி பளிச்சென்று நிற்கிறது.
சுவரில் தொங்கும் சுவிட்சோ
அப்போதுதான் மஞ்சளாக முழிக்கிறது.
பச்சைக்கு வர இன்னும் அரை நிமிஷம்.
இது அதற்குள்
இசட்டைக் கூப்பிட்டு, பதில் வராமல்,
கோபித்துக்கொண்டு சிவப்புக் குறி போட்டுவிடுகிறது.

சித்திரை மாசம் மூன்று பெட்டியையும் பிரித்து
புது எஸ்எஸ்டி மாட்டியவன் நான்.
'ராக்கெட்டு கணக்கா இருக்கும் அண்ணாச்சி' என்றவனும் நான்.
அதற்கு முன்னால்
பட்டனை அமுக்கிவிட்டுப் போய்
டீ குடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டிருந்த பெட்டிகள்.
அந்தச் சோம்பலில்தான் எல்லாம்
ஒழுங்காக நடந்திருக்கிறது.

நாலு வரி எழுதி வைத்தேன்:
நெட்வொர்க் வரும்வரை பொறு.
முப்பது நொடி போகட்டும்.
இசட் இருக்கிறதா பார்.
இல்லையென்றால் மறுபடி முதல் வரி.

அணைத்தேன், போட்டேன். அணைத்தேன், போட்டேன்.
மூன்றாம் தடவையும் சிவப்பு இல்லை.
பிரிண்டர் இழுத்து இழுத்துத் தாளைத் துப்பியது.

'ஏட்டி தங்கம், ஏழு மணிலருந்து நிக்கேன்,
என்ன சங்கதி?'
ஜன்னல் கம்பிக்குள் செண்பகக்கனியின் மூக்குத்தி.
'கம்ப்யூட்டரு ரொம்ப வேகமாயிட்டாம்க்கா.
அதான் கோளாறாம்.'
செண்பகக்கனி என்னைப் பார்த்தாள்.
'நாங்க வேகமாச் சுத்துனா
கழிவுன்னு தள்ளுதிய.
அதுக்கு மட்டும் ஆளு வந்து பாக்கா?'

பில் புத்தகத்தில்
நெட்வொர்க் பராமரிப்பு, நானூறு என்று எழுதினேன்.
ஒன்பது தாளுக்கு முன்னால், கார்பன் நீலத்தில்,
எஸ்எஸ்டி மூன்றுக்கு நான் வாங்கிய தொகை.
நாலை அடித்து இரண்டாக்கினேன்.
மைதீன் பிச்சை ஏனென்று கேட்கவில்லை,
இருநூறை எண்ணிக் கொடுத்தார்.

செருப்பை மாட்டும்போது
ஆவுடைத்தங்கம் வாசல்வரை வந்தாள்.
'ஜெபராணி பேர எடுத்துட்டியளா?'

இல்லை.
அவளை எடுத்தால்
திங்கட்கிழமை மறுபடியும்
நான் பஸ் ஏற வேண்டும்.