மேகாத்துக்கும் வாடைக்கும் நடுவே

எழுபத்தெட்டு மீட்டர் உயரத்தில்
கியர்பாக்ஸ் ஆயில் மாற்றி முடித்தபோது
மணி பத்தேகால்.
இறங்கியிருக்க வேண்டும்.

கிட்டுசாமி மேல்மூடியைத் தள்ளித் திறந்து
கொக்கியை மாட்டிக்கொண்டு
தலையை மட்டும் வெளியே நீட்டினான்.
"சித்த இங்க வாங்கண்ணா."

ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை
இந்த மூடியைத் திறக்க விடாத காற்று.
காதுக்குள் மண்ணை அள்ளிப் போட்டு,
தாராபுரம் ரோட்டில் பைக்கைச் சாய்த்து,
ஆட்டுப்பட்டிக் கூரையை
அடுத்த தோட்டத்துக்குக் குடிவைத்த மேகாத்து.
எங்களுக்குச் சோறும் அதுதான்.
அதனால் யாரும் வைவதில்லை,
வைதாலும் வாய்க்குள்ளேதான்.

இன்றோ
மூன்று இறக்கைகளும்
எதற்கோ கிளம்பி
எதற்கென்று மறந்து நின்றவை போல.
சுற்றிலும் தும்பிகள்.
இவ்வளவு உயரம் அவை வருமென்று
பதினோரு வருசமாக எனக்குத் தெரியாது.

முந்தாநாள்வரை ஐப்பசி அடைமழை.
கீழே கொறங்காடெல்லாம்
கொழுக்கட்டைப்புல் முழங்கால் தொட்டிருந்தது.
கிளுவை வேலிகள் துளிர்த்து
யார் காடு எதுவென்று பச்சையில் எழுதியிருந்தன.
கடலை விதைத்த கரிசல் மட்டும்
எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் காத்திருக்கும்
கருத்த தலை.
தெற்கே ஆனைமலை,
ஆறு மாதமாகப் புழுதிக்குப் பின்னால் இருந்தது,
மடிப்பு மடிப்பாக வந்து நின்றது.
ஒரு மடிப்பில் வெள்ளை நூல்.
அருவி என்றான் அவன்.
பாறை என்றேன் நான்.
இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

வெயில் இருந்தது.
ஆனால் நம்மிடம் எதையும் கேட்காத வெயில்.

ஆபீசிலிருந்து போன்: "முடிஞ்சுதா?"
"இன்னும் ஒரு போல்ட் இருக்குதுங்க சார்."
போல்ட் ஒன்றும் இல்லை.

பிறகு கலாமணியைக் கூப்பிட்டேன்.
திருப்பூரில், பனியன் கம்பெனியில்,
டியூப்லைட்டுக்குக் கீழே
ஓட்டை பார்த்துத் தள்ளும் வேலை.
அவளுக்கு டீ நேரம்.
"வெளிய வந்து மேல பாரு."
"என்ன, பிளேனா?"
"இல்ல, சும்மா."

மிஷின் சத்தம் விலகியது,
இரும்புக் கதவு கிரீச்சிட்டது.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை,
அவள் மூச்சைத் தவிர.
"ஆமாங்க" என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.
மணி அடிக்கும்வரை
இருவரும் போனை வைக்கவில்லை.

கார்த்திகை நோம்பி தாண்டினால் வாடை இறங்கிவிடும்.
ஏணிக் கம்பி உள்ளங்கையைச் சுடும், குளிரில்.
விடிகாலைப் பனியில்
பட்டியில் ஆடுகள் மனிதரைப் போல இருமும்.
கலாமணிக்கு விரல் முட்டி வீங்கும்,
நைட் ஷிப்ட் முடிந்து
முந்தானையைத் தலையில் போட்டு வருவாள்.
அதெல்லாம் வரட்டும். வருவது அதன் முறை.
நடுவில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன
இந்த நாலைந்து நாளுக்கு
யாரிடம் போய் நன்றி சொல்ல?
எங்கள் கருப்பராயனிடம் சொன்னால்
கிடா எங்கே என்பார்.

கீழே இறங்கி
நோட்டில் எழுதினேன்.
காற்றின் வேகம்: 0.8.
உற்பத்தி: இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்து,
'எல்லாம் நன்றாக இருக்கிறது.'

மிஷினைச் சொல்கிறேன் என்று
நினைத்துக்கொள்வார்கள்.
கிட்டுசாமி வாங்கிப் படித்தான்,
எதுவும் கேட்காமல்
அவனும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டான்.