மெலூர், மெலாத்தி

மெலூர் என்றாலும் மல்லிகை,
மெலாத்தி என்றாலும் மல்லிகை.
பெயர் வைத்தவனுக்கு அன்று
பூவுக்குப் பஞ்சம் போலும்.

சுங்கை தெராப்பில் செம்பனையைச் சாய்த்துவிட்டு
ஒட்டி ஒட்டி இரண்டு தாமான் போட்டார்கள்.
நடுவே ஓடுகிற பெரிய கால்வாய்
பன்னிரண்டாம் பீல்டுக்கும் பதின்மூன்றுக்கும்
எல்லையாக இருந்தது.
அப்பா இங்கேதான் குலை வெட்டினார்.
எந்தப் பக்கம் நல்ல மண் என்று போனில் கேட்டேன்.
"ரெண்டு பக்கமும் ஒரே சம்பளம்"
என்று வைத்துவிட்டார்.

இருபதுக்கு அறுபத்தைந்து. மூன்று அறை.
வாசலில் ஒரு காடி நிற்கும்,
இரண்டாவது காடி வாங்கினால் அது ரோட்டில்.
வீட்டுமனை ஏஜெண்ட் லியூ
இரண்டு வீட்டுச் சாவியையும்
ஒரே வளையத்தில் கோத்திருந்தார்.
மெலாத்தி சாவியை மெலூர் கதவில் நுழைத்து
வெகுநேரம் திருகினார், வியர்த்தார்,
"சாமா சாமா லா" என்று சிரித்தார்.

மெலூர் நாலாயிரம் வெள்ளி அதிகம்.
எதற்கு என்று தயாளன் கேட்டார்.
"இந்தப் பக்கம் காற்று நல்லா வரும்."
மறுவாரம் மெலாத்தி வாசலில் நின்று
அதே காற்றை அங்கேயும் விற்றார்.

காலையில் போய்ப் பார்த்தோம்.
கையுறைத் தொழிற்சாலையில் என் இரவு ஷிப்ட் முடிந்து
கண் எரிய எரியப் போய்ப் பார்த்தோம்.
அடைமழையில் ஒருநாள்
காடிக்குள் உட்கார்ந்து கச்சான் கொறித்தபடி
கால்வாய் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இந்தக் கரையில் எத்தனை படியோ
அந்தக் கரையிலும் அத்தனை படி.
தண்ணீருக்குத் தாமான் தெரியாது.

ஒரு தாளை இரண்டாக மடித்து எழுதினேன்.
மெலூர்: மூன்றாம் வீட்டில் நாய்.
மெலாத்தி: நாய் தென்படவில்லை, குரைப்பு உண்டு.
மெலூர்: பள்ளிக்கு ஏழு நிமிடம்.
மெலாத்தி: ஏழு, பாலத்தில் மாடு நின்றால் பத்து.
மகள் யுகேஸ்வரி அந்தத் தாளில்
ஒரு மாடு வரைந்தாள், கோட்டின்மேல்,
முன்கால் அங்கே, பின்கால் இங்கே.

முப்பத்தைந்து வருடக் கடன் என்றார் பேங்க்காரர்.
எனக்கு முப்பத்தைந்து வயது.
எழுபதில் கடைசித் தவணை கட்டப் போகும்போது
எந்த மல்லிகையிலிருந்து புறப்பட்டால் என்ன?

முடிவானது இப்படித்தான்:
தயாளன் குடையை மறந்துவிட்டு வந்தார்.
உரக் கம்பெனி இலவசமாகத் தந்த பச்சைக் குடை,
பிடியில் ஆணியால் கீறிய பெயர்.
மெலூரில்தான் வைத்தேன், சத்தியமாக, என்று
லியூவைக் கூட்டிக்கொண்டு எடுக்கப் போனவர்
முன்பணம் கட்டிவிட்டுத் திரும்பினார்.
குடை கிடைக்கவில்லை.

குடிவந்து பத்து மாதம்.
எங்கள் வீடு மூன்றாம் லோரோங், பதினேழு.
கால்வாய்க்கு அப்பால் மெலாத்தியிலும்
மூன்றாம் லோரோங், பதினேழு.
எங்கள் கேஸ் தோம்பு அங்கே போய் இறங்கும்,
அவர்களின் மின்கட்டணம் எங்கள் பெட்டியில் விழும்.
மாதம் இரண்டு முறையாவது பாலத்தில் சந்திப்போம்
நானும் ரொஹானாவும்,
ஆளுக்கொரு தவறான கடிதத்தோடு.

நேற்று சொன்னாள்,
உங்கள் வீட்டைத்தான் முதலில் பார்த்தோம் என்று.
ஏன் வாங்கவில்லை?
தோளைக் குலுக்கினாள்.
லியூ காற்றைப் பற்றி ஏதோ சொன்னாராம்.

தூறல் விழத் தொடங்கியது.
அவள் குடையை விரித்து
எனக்கும் பாதி பிடித்தாள். பச்சைக் குடை.
"வீட்டோடு சேர்ந்து வந்தது,
சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது."
பிடியைப் பார்த்தேன்.
த, யா,
அதற்குமேல் அவள் விரல்கள் மூடியிருந்தன.

நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள் என்றேன்.
தயாளனிடம் இன்னும் சொல்லவில்லை.
அவசரமில்லை,
முப்பத்து நாலு வருடத்துக்குமேல்
தவணை பாக்கி இருக்கிறது.