கண்ணடி

சொகோரோவில் ஜூலை.
காலை ஒன்பதுக்கே கார்க் கதவின் பிடி கையைச் சுடும்.
வேதியியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மட்டும்
வருடம் முழுக்க மார்கழி.
அங்கேதான் எனக்கு வேலை,
புட்டிகளை எண்ணுவது.

பதினேழாம் அலமாரி, அடித்தட்டு,
காலி டப்பாக்களின் முதுகுக்குப் பின்னால்
பழுப்புக் கண்ணாடியில் ஒன்று, சுண்டுவிரல் உயரம்.
மூடியைச் சுற்றிச் சர்க்கரை பூத்தாற்போல் ஏதோ.
லேபிளில் பென்சில் எழுத்து.
வெள்ளி என்ற சொல் தெரிந்தது.
ஒரு தேதி, நான் பிறப்பதற்கு முந்தைய வருடம்.
அதன் கீழே, இரண்டு கோடு இழுத்து:
வெளிச்சம் படக்கூடாது.

மூச்சைக்கூடப் பின்பக்கமாக விட்டேன் என்று
பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.
அப்போது சிரிக்கவில்லை.

பழைய படச்சுருளிலும் இதே வெள்ளிதான்.
அங்கே வெளிச்சம் பட்டால் முகங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.
இங்கே வேறு கூட்டாளியோடு சேர்ந்து
வேறு குணம்.

வெடிபொருள் பிரிவிலிருந்து டெல்ஃபினா பாக்கா வந்தாள்.
வாசலை அடைக்கிற உடம்பு,
பிள்ளை தூங்கும் வீட்டில் பேசுகிற குரல்.
கூரை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னாள்.
"சிலதுக்கு அடி வேண்டாம், தீக்குச்சி வேண்டாம்.
பளீரென்று ஒரு வெட்டு வெளிச்சம் போதும்.
வாங்கிய சூட்டை எங்கே வைப்பதென்று
அதற்குத் தெரியாது."

எனக்குத் தெரிந்த பாஷையில் இது பழைய சேதி.
கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது.
திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டுவார்கள்,
இதற்குப் பழுப்புக் கண்ணாடி கட்டியிருக்கிறார்கள்.
கண்ணடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே
ஒரு துணைக்கால்தான்.
அந்த ஒற்றைக்காலில்
இத்தனை வருடம் நின்றிருக்கிறது புட்டி.

அப்போதுதான் வெஸ்லி,
ஆராய்ச்சி மாணவன், கெட்டவனில்லை,
என் தோளுக்கு மேலாகப் போனை உயர்த்தினான்.
இருட்டாக இருக்கிறது என்று
போன் தானாகவே முடிவு செய்துகொண்டது.

என் கை எப்படிப் போனதென்று தெரியாது.
கொசுவை அடிக்கிற வேகம்.
உள்ளங்கைக்குள் சூடில்லாமல் ஏதோ துடித்து
அடங்கியது.

ஒன்றும் நடக்கவில்லை.
குளிர்பெட்டி மறுபடி முனக ஆரம்பித்தது.
டெல்ஃபினா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்,
திட்டியிருக்கலாம்.

பொழுது சாய்ந்த பிறகு
மணல் நிரப்பிய பெட்டியில், கறுப்புத் துணி போர்த்தி,
எறும்பு வேகத்தில் கொண்டுபோனார்கள்.
நாங்கள் மேட்டில் நின்றோம்.
முதலில் வெள்ளை.
தூரத்துக் குன்றின் முட்புதர் ஒவ்வொன்றும்
தனித்தனி நிழலோடு எழுந்து உட்கார்ந்தது.
பிறகு இருட்டு.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்,
எண்ணுவதுதானே என் தொழில்.
நான்கில் சத்தம்
நெஞ்செலும்பில் வந்து இடித்தது.
எங்கோ ஒரு நாய்.

ராத்திரி பதினொன்றுக்குப் படிவம் நிரப்பினேன்.
பட்டியலில் புட்டி இருந்தது.
நான்கு வருடமும் அந்த வரிசையில்
என் இனிஷியல், என் டிக்.
குனிந்து பார்க்காமல் போட்ட டிக்.
அலமாரி கீழே, முழங்கால் வலி,
மேல்தட்டு சரியாக இருந்தால் அடித்தட்டும் இருக்கும்தானே.
ஏழாவது கேள்வி:
இந்தப் பொருளைக் கடைசியாகக் கண்ணால் பார்த்தது எப்போது?
இன்று, என்று எழுதினேன்.
பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்து
முதல் தடவையாக, என்று சேர்த்தேன்.

வெஸ்லி மறுநாள் அந்தப் படத்தை அனுப்பினான்,
மன்னிப்போடு.
முழுக்கச் சிவப்பு.
மாதுளை பிளந்தது போல் என் உள்ளங்கை,
விரல் மூட்டுகளில் கறுப்பு மடிப்பு.
வந்த வெளிச்சத்தையெல்லாம் ரத்தம் குடித்துவிட்டது
என்றுதான் நினைத்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தால்,
மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே
வெள்ளையாய் ஒரு நூல்
வெளியே போயிருக்கிறது.