சவுனா குழு

தம்பெரேயில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
வெய்க்கோவின் பெயரை எடுத்தேன்:
எழுதுவோர், சரிபார்ப்போர், வெளியிடுவோர்
மூன்று குழுவிலிருந்தும்.
சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதற்கு
அனுமதிப் பட்டியலில் கட்டம் கிடையாது.

காலையில் பார்த்தால்
அவன் கைவரிசை. இரவு 2.40.
மூன்று வாரமாய் எங்களை அலைக்கழித்த பிழை
நாலே வரியில் தீர்ந்திருந்தது.

எப்படி நுழைந்தான்?
துழாவினேன். குழுவுக்குள் குழு,
அதற்குள் இன்னொன்று, அடியில்
'சவுனா'.
வெள்ளிக்கிழமை விறகு யார் கொண்டுவருவது என்று
ஆறு வருஷம் முன்பு விளையாட்டாய் நான் தொடங்கியது.
அதற்கும் எழுதும் உரிமை!

நாலு வரியையும் சேர்த்துக்கொண்டேன்.
சவுனாவின் உரிமையைப் பிடுங்கினேன்.
அவன் பெயரை மட்டும்
அதில் விட்டுவைத்தேன்.

இந்த வெள்ளி
விறகு அவன் முறை.