எத்தனை தவணை?

அந்தோஃபகாஸ்தாவில்
கல்லாவுக்குப் பின்னால் நின்று
நாளைக்கு முந்நூறு முறை கேட்கிறேன்:
எத்தனை தவணை?

விலையை யாரும் கேட்பதில்லை.
ஏழு நாள் தாமிரச் சுரங்கத்தில் கிடந்துவிட்டு
காதுமடலில் புழுதியோடு இறங்கிவரும் யெர்கோ
சுவரளவு டிவியைத் தடவியபடி
"பன்னிரண்டு" என்கிறான்,
வயது சொல்லும் சிறுவனைப் போல.
போன மாதம் வாங்கியது
இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறதாம்.

சிரிக்க எனக்கு ஏது யோக்கியதை?
நாலு தூறல் விழுந்தாலே செய்தியில் வரும்
இந்தப் பாலைவனத் துறைமுகத்தில்
சிவப்புக் குடை வாங்கியவள் நான்.
மூன்று தவணை.

அன்று வியாழன்.
நயாரெத் என்ற என் பெயர் மறந்து
"ஏய், மூணாம் நம்பர் கல்லா" என்று
மேலாளர் கத்திய நாள்.
நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.
தொகையை எழுதவில்லை,
வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை எழுதினேன்.
வாசனைத் திரவியம்: தங்கை பாதியில் போனை வைத்தாள்.
காலணி: வியாழன்.
இன்னொரு காலணி: வியாழன்.

இப்போது கடன் அட்டை
குடையின் மடிப்புக்குள் இருக்கிறது.
எடுக்க வேண்டுமென்றால்
வீட்டுக்குள்ளேயே குடை விரிக்க வேண்டும்.
இரண்டு முறை விரித்தேன், எடுத்தேன், வாங்கினேன்.
பொய் சொல்வானேன்.

நேற்றும் விரித்தேன்.
அடுப்படியில், வேலைச் சீருடையோடு,
குடைக்கு அடியில் நின்றேன்.
அட்டை காலடியில் விழுந்து கிடந்தது.
எதில் நனையாமல் இருக்க இது
என்று யோசித்ததும் அழுகை வந்தது.
அழுது முடித்தபோது
என்ன வாங்க நினைத்தேன் என்பதே
மறந்துபோயிருந்தது.

குடைக்கு இன்னும் ஒரு தவணை பாக்கி.