திறப்பதற்கு முன்

நீடாமங்கலத்து அரவை ஆலையில்
மூன்றாம் நம்பர் எலிவேட்டர்.
வாளி வாளியாக நெல்லை
நாற்பதடி தூக்கிப் போகிற பெல்ட்
குறுவை ஈரத்தில் வழுக்குகிறது என்றார்கள்.
அதைச் சரிசெய்யும் முறையை
நான்தான் எழுதியிருந்தேன், பதினொரு பக்கம்,
கும்பகோணத்தில், மின்விசிறிக்குக் கீழே.

ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்:
‘அடிப்பெட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன்
மின்சாரம் துண்டிக்கப்பட்டுள்ளதை உறுதி செய்யவும்.’
ஒற்றுப்பிழைகூடக் கிடையாது.
இரண்டு மேலாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஃபிட்டர் சந்தனசாமி அதைச் சத்தமாக வாசித்தார்.
‘அடிப்பெட்டியின் மூடியை’
இடது கை மூடிக்குப் போனது.
‘திறப்பதற்கு’
பானா நட்டைக் கவ்வி ஒரு சுற்று சுற்றியது.
‘முன்’ வந்து சேர்ந்தபோது
மூடி கையோடு வந்திருந்தது.

ஒத்திகைதான். மெயினை ரபியுதீன்
காலையிலேயே இறக்கிவிட்டிருந்தார்.
ஆனாலும் கொஞ்ச நேரம்
யாரும் பேசவில்லை.

நம் மொழியில் ‘முன்’ பின்னால்தான் வருகிறது.
இத்தனை வருடம் எழுதியும்
எனக்கு இது தெரியாமல் போயிற்று.
வினைமுற்று வரட்டும் என்று
கண் வேண்டுமானால் காத்திருக்கும்.

அன்றிரவு லாட்ஜில் திருப்பி எழுதினேன்:

சுவிட்சை இறக்கு.
பூட்டு.
சாவி உன் பையில்.
பெல்ட் நிற்கிறதா பார்.
பிறகு மூடி.

‘தாங்குருளை’ போய் ‘பேரிங்’ வந்தது.
‘கடிகார முள் திசை’ என்ற இடத்தில்
‘வலஞ்சுழின்னு போடுங்க,
என் மச்சான் ஊரே அதுதான்’ என்றார் ரபியுதீன்.
இடது வலதையும் எடுத்துவிட்டேன்.
மல்லாந்து படுத்து முடுக்குகிறவனுக்கு
எது வலது?
வெண்ணாற்றுப் பக்கம், ரயில் பக்கம்.
யார் எப்படிப் படுத்தாலும்
ஆறும் தண்டவாளமும் இடம் மாறுவதில்லை.

அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்:
‘இறக்கு, பூட்டு என்று ஒருமையிலா எழுதுவது?
தொழிலாளர் மனம் புண்படாதா?’
போய்க் கேட்டேன். சந்தனசாமி சிரிக்கவில்லை.
‘கரண்டு என்னை வாங்க போங்கன்னா கூப்பிடுது?
வார்த்தையைச் சின்னதா போடுங்க,
எழுத்தைப் பெருசா போடுங்க.’

சுவரில் கண் உயரத்தில் ஒட்டியதைப் பிய்த்து
முழங்கால் உயரத்தில் ஒட்டினோம்.
இங்கே யாரும் நின்றபடி படிப்பதில்லை.

குழிக்குள் இறங்கி
சிந்திய நெல்லை அள்ளுகிற தையல்நாயகி
அட்டையை மேலும் கீழும் பார்த்தார்.
‘இதுல எனக்கு எது?’
பராமரிப்புப் பிரிவில் அவர் பேர் இல்லை.
அதனால் என் பதினொரு பக்கத்திலும் இல்லை.
இப்போது அவருக்கென்று ஒரு சிவப்புப் பூட்டு.
சாவி முந்தானை முடிச்சில்.
அது தொங்குகிறவரை
முதலாளி வந்தாலும் சுவிட்ச் ஏறாது.

சம்பா அறுவடையில் மறுபடி போனேன்.
அட்டை முழுக்க கிரீஸ் விரல்கள்,
தவிட்டுப் பிசுக்கு.
முதல் மூன்று வரி தொட்டுத் தொட்டுக் கறுத்திருந்தது.
ஆறாவது வரி மட்டும்
ஒட்டிய அன்று போலவே வெள்ளையாக.
‘பளிச்சுனு இருக்கு பாருங்க’ என்றார் மேலாளர்
சந்தோஷமாக.

‘பெல்ட்டின் இழுவிசையைச் சரிபார்.’
இழுவிசை. நான் விட்டுக்கொடுக்காமல்
வைத்திருந்த ஒரே சொல்.

இதை நீங்க என்னன்னு சொல்வீங்க என்று கேட்டேன்.
சந்தனசாமி யோசித்தார். சொல் எதுவும் வரவில்லை.
மண்டியிட்டு, பெல்ட்டை
நடுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார்.
தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தட்டு.
‘இந்தச் சத்தம் வரணும்.’

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
நானும் குனிந்து தட்டிப் பார்த்தேன்.