இரண்டே கால்

விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்தான்.
ஆங்கில இலக்கியம் என்று எழுதியதும் அது நிரம்பிவிட்டது.
கலை வரலாறு கோட்டுக்கு வெளியே
ஓரத்தில் தொற்றிக்கொண்டது,
மன்னார்குடி கடைசி பஸ்ஸின் படியில் நிற்பவனைப் போல.
"ரெண்டுல எதும்மா?" என்றார் அலுவலகத்தில்.
ரெண்டும்தான் சார்.
முத்திரையை மையில் தொட்டு
கொஞ்ச நேரம் அந்தரத்தில் பிடித்திருந்தார்.

காலையில் கவிதை.
மேசையில் தட்டிக் காட்டுகிறார்கள்:
மெலிந்து அழுந்தி, மெலிந்து அழுந்தி,
வரிக்கு ஐந்து கால்.
அவர்கள் கால் என்பது நமக்குச் சீர்.
நாம் அடி என்பது அவர்களுக்கு வரி.
முதல் மாதம் முழுக்க
வரிக்கு ஐந்து அடி என்றே எழுதி
சிவப்பு மையில் வாங்கினேன்.
அதற்கும் எங்கள் ஊரில் அடி என்றுதான் பெயர்.

மதியம் செப்புத் திருமேனிகள்.
உயரம் இரண்டே கால் அடி, பீடம் நீங்கலாக
என்று திரையில் விழுந்தது.
"பின்னே, மூணு காலா இருக்கும்?" என்றாள் ஜெனோவா.
வகுப்பிலிருந்து இருவரையும் வெளியே அனுப்பினார்கள்.
சிரித்தது அவள் மட்டும்தான்.
நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஏழரைக்கு அப்பாவின் போன்.
சாப்டியா என்பதற்கு முன்னால்
மேட்டூர் தொண்ணூத்தஞ்சு அடி என்பார்.
மடை திறந்தால் குறுவை,
குறுவை விளைந்தால்
எனக்கு இரண்டாம் ஆண்டு.
அந்த அடியைத்தான் நான்
முதன்முதலில் எண்ணக் கற்றுக்கொண்டேன்.

தஞ்சாவூரில் அந்தச் சேமிப்பறைக்கு
இரண்டு பூட்டு, ஒரு மின்விசிறி.
எண் நூற்றுப் பதினேழு:
ஒரு பீடம், அதன்மேல் இரண்டு பாதங்கள்.
கணுக்காலுக்கு மேல் எதுவும் இல்லை.
ஆணா பெண்ணா தெரியவில்லை.
பதிவேட்டில் உடைந்தது என்று ஒரு சொல்.
பக்கத்தில் யாரோ பேனாவை ஊன்றி
யோசித்த புள்ளி.

சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன்.
வலப்பாதம் அழுந்தியிருந்தது.
இடப்பாதம் மெலிதாக, குதிகால் தூக்கி,
பெருவிரல் மட்டும் எதையோ தேடிக்கொண்டு.
கையிலிருந்த பென்சில் தானாகத் தட்டியது.
பாரம் வலப்பக்கம் என்றால்
இடுப்பு அங்கே தள்ளும்.
தோள் எதிர்ப்பக்கம் போகும்.
தலை மறுபடி வலமாய்ச் சாயும்.
அடுத்த அழுத்தம் எங்கே விழும் என்று
காதுக்கு முன்பே தெரியுமே, அப்படி
ஒவ்வொன்றாய் வந்து நின்றது
அங்கே இல்லாத உடம்பு.
கை மட்டும் வரவில்லை. அதில் என்ன இருந்தது
என்று எந்த இலக்கணத்தாலும் கேட்க முடியவில்லை.

அதையேதான் எழுதினேன், இரண்டு பாடத்துக்கும்.
பார்த்ததை மட்டும் எழுது என்றது கலை வரலாறு. நாற்பத்தாறு.
இதில் கவிதை எங்கே இருக்கிறது என்றது இலக்கியம். ஐம்பத்தொன்று.
"கூட்டிப் பாக்காதடீ" என்றாள் ஜெனோவா.
அதற்குள் கூட்டியிருந்தேன்.
அன்று இரவு அப்பா எடுத்த எடுப்பில்
தொண்ணூத்தேழு என்றார்.
ஒரு நொடி பயந்துவிட்டேன்,
யார் சொன்னார்கள் இவருக்கு?
"தண்ணி ஏறுதும்மா" என்றார்.

சனிக்கிழமை, பழைய பஸ் ஸ்டாண்ட்.
ஒருத்தி, பிள்ளையை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு,
கீழே விழுந்த பத்து ரூபாயை
இடது பெருவிரலால் இழுத்துக்கொண்டிருந்தாள்.
குனிய முடியாது. பிள்ளை தூங்குகிறது.
நான் பையைத் துழாவி
நோட்டை எடுத்து, நூற்றுப் பதினேழு என்று போட்டு,
பக்கத்தில் எழுதப் போனேன்.
நாகப்பட்டினம் பஸ் வந்துவிட்டது.
பணத்தை எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை எனக்கு.
அதை அவளே எடுத்துக்கொண்டு
பாரத்தை மாற்றி
இடது காலை முதலில் வைத்து ஏறினாள்.